ஏலியன் வரிசையில ரொம்ப மோசமான படம் எது? கோவத்தையும் குறையையும் பிரிச்சுப் பாக்கலாம்

உங்க கேள்வி இதுதான்: நண்பர்களோட சேந்து ஏலியன் படங்கள முதல்லேர்ந்து வரிசையா பாத்து முடிச்சிருக்கீங்க, முடிச்சதும் சண்டை. உங்களுக்கு 1992ல வந்த மூணாவது படம் ஆகவே ஆகல, ஒருத்தர் ரிசரக்‌ஷன்தான் மட்டம்ங்கிறார், இன்னொருத்தர் கோவனன்ட்ங்கிறார், நாலாவது ஆள் பிரெடேட்டரோட மோதுற ரெண்டு படத்தையும் கணக்குலயே சேக்கக்கூடாதுங்கிறார். எது நெஜமாவே மோசம், மூணாவது படத்தோட அசெம்ப்ளி கட்ட, அதாவது வெட்டின சீன்கள திரும்பச் சேத்த நீளமான வெர்ஷன, பாத்தா எண்ணம் மாறுமா, ரெக்வியம் இன்னும் பாக்கல அத பாக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க எழுதினத முழுசா படிச்சப்ப எனக்குப் பட்டது, உள்ளுக்குள்ள கேக்குறது வேற. ரெண்டாவது படத்துல பொழச்ச சின்னப் பொண்ணு நியூட்டையும் சிப்பாய் ஹிக்ஸையும் டைட்டில் ஓடும்போதே கொன்னுட்ட படத்து மேல வர்ற கோவம் நியாயமானதா, இல்ல அந்தக் கோவத்துல ஒரு நல்ல படத்த தவறவிடுறேனா, இதுதானே? ரசிகர்கள் சண்டைல பாதி, மனசு நொந்ததையும் படம் மோசமா எடுக்கப்பட்டதையும் ஒண்ணுன்னு நெனச்சுப் பேசுறதாலதான் வருது, அதனால ரெண்டையும் தனித்தனியாவே பேசுறேன்.

நான் பல வருஷமா போஸ்ட் ப்ரொடக்‌ஷன் வேலைல இருக்கேன், ஆரம்பத்துல எடிட்டிங் அசிஸ்டென்ட், அப்புறம் டிஐ (எடிட் முடிஞ்ச படத்தோட நிறத்தையும் வெளிச்சத்தையும் டிஜிட்டலா சரி பண்ற கட்டம்), இப்ப முழுநேரமும் கலர் கிரேடிங். அதனால ஒரு ஷாட்ல என்ன தெரியுது என்ன தெரியல, ஒரு கட் ஏன் ஆடியன்ஸ குழப்புது, ஒரு படத்துலேர்ந்து சீன உருவியிருந்தா தழும்பு எங்க தெரியும், இந்த மாதிரி விஷயங்கள்ல நான் தைரியமா பேசுவேன். படம் எடுக்கும்போது என்ன நடந்துச்சுங்கிறதுல வெளிய பதிவானத மட்டும் எடுத்துக்குறேன். கதை சரியா, இந்த வரிசைக்கு யார் துரோகம் பண்ணாங்க, இதெல்லாம் வரும்போது நான் சொல்றது ஒரு ரசிகனோட தீர்ப்பு மட்டும்தான், அதுல நீங்க முழுசா மாறுபடலாம்.

முதல்ல சந்தேகமே இல்லாத இடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். இந்த வரிசைல படமாக்கின விதத்துலயே தோத்துப்போன படம் 2007ல வந்த ஏலியன்ஸ் வெர்சஸ் பிரெடேட்டர் ரெக்வியம். விமர்சனங்கள தொகுக்குற ராட்டன் டொமேட்டோஸ் சைட்ல 12 சதவீதம் பக்கத்துல கெடக்கு, வரிசையிலயே அடிமட்டம், ஆனா நான் அத வச்சு சொல்லல. ஒரு திகில் படம் பாக்குறவனுக்கு செஞ்சு குடுக்க வேண்டிய குறைந்தபட்ச வேலை ஒண்ணு இருக்கு: ஆபத்து எந்தப் பக்கம் இருக்கு, மனுஷன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு எனக்குத் தெரியணும், இல்ல தெரியாம இருக்குறதே திட்டம்னா அது திட்டம்னு எனக்குப் புரியணும். ரெக்வியத்துல இந்த ரெண்டும் இல்ல.

இருட்டா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, அது உண்மைதான், ஆனா இருட்டு மட்டும் தப்பு இல்ல. 1979ல வந்த முதல் படத்துலயும் இருட்டு நெறையவே இருக்கு. பிரெட்ங்கிறவன் பூனையத் தேடிப் போற சீன எடுத்துக்குங்க, மேலேர்ந்து சங்கிலி தொங்குது, தண்ணி சொட்டுது, அந்தத் தண்ணி மேலயும் சங்கிலி மேலயும் வெளிச்சம் பட்டுத் தெறிக்குது, அதனால அறையோட உயரம் அகலம் எல்லாம் நமக்குத் தெரிஞ்சிடுது, அதுக்கப்புறம்தான் பின்னாடி அந்த உருவம் இறங்குது. கருப்பு உருவத்த இருட்டுல காட்டணும்னா அது மேல நேரா லைட் அடிக்க வேணாம், ஈரமா பளபளன்னு இருந்தா ஓரத்துல ஒரு கோடு வெளிச்சம் விழுந்தாலே உருவம் பிரிஞ்சு வந்துடும். அந்தப் படத்துல ஜந்து மேல வழவழன்னு ஜெல்லிய பூசி எடுத்தாங்க, அருவருப்புக்காக மட்டும் இல்ல, வெளிச்சத்த பிடிச்சுத் தர்றதும் அந்த வழவழப்புதான். ரெண்டாவது படமான ஏலியன்ஸ்ல டைரக்டர் ஜேம்ஸ் கேமரான் பின்னாடிலேர்ந்து நீல வெளிச்சமும் புகையும் வச்சு இதே வேலைய வேற மாதிரி பண்ணார்.

ரெக்வியத்துல ராத்திரி, மழை, ஊர் முழுக்க கரண்ட் கட், ஒரு பக்கம் கருப்பா ஜெனோமார்ஃப் (ஏலியன் ஜந்தோட பேர்), இன்னொரு பக்கம் கருஞ்சாம்பல் கவசத்துல பிரெடேட்டர், ரெண்டும் கட்டிப் புரளுது, ரெண்டுக்கும் நடுவுல பிரிச்சுக் காட்ற ஓர வெளிச்சம் பல ஷாட்ல கெடையாது. இதுல கிரேடிங்கோட பங்கு எவ்வளவு, லைட்டிங்கோட பங்கு எவ்வளவுன்னு ஃபைனல் படத்த வெளிலேர்ந்து பாத்து யாரும் சதவீதம் போட்டு சொல்ல முடியாது, சொன்னா நம்பாதீங்க. ஆனா எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பொறி இருக்கு. டிஐ ரூம் முழு இருட்டு, ப்ரொஜெக்டர் சரியா அளந்து வச்சது, தியேட்டருக்கான அளவு 48 நிட்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு)தான், ரொம்பக் கொஞ்சம் வெளிச்சம், அந்த ரூம்ல உக்காந்து பாக்குறப்ப கண்ணு பழகி நிழலுக்குள்ள இருக்குறதெல்லாம் அழகா தெரியும். அதே படம் பல்பு மங்கிப்போன ஒரு தியேட்டர்லயோ பகல்ல ஜன்னல் தொறந்திருக்குற ஹால்லயோ ஓடும்போது நிழல் மொத்தமும் ஒரே கருப்பா உக்காந்துடும். அதுக்குத்தான் கிரேடிங்ல ஒரு முகத்தையோ ஒரு விளிம்பையோ வேணும்னே கொஞ்சம் தூக்கி வைப்போம், மோசமான திரையிலயும் கதை புரியணும்னு.

அப்ப டிவில பிரைட்னஸ ஏத்தி வச்சுப் பாத்தா ரெக்வியம் தேறிடுமான்னு கேட்டா, தேறாது. கொஞ்சம் கூடுதலா தெரியும், அவ்வளவுதான். ஏன்னா மீதி பிரச்சினை ஃப்ரேமிங்லயும் கட்டிங்லயும் இருக்கு. சண்டை வரும்போதெல்லாம் ரொம்ப நெருக்கமா ஷாட் வச்சு வேகமா வெட்டியிருக்காங்க, ஒரு வால், ஒரு நகம், ஒரு பல்லுன்னு துண்டு துண்டா வருது, முழு இடத்தையும் காட்ற ஷாட் வர்றதுக்குள்ள சண்டை வேற எங்கயோ போயிடுது. 1979ல கேப்டன் டாலஸ் காத்துக் குழாய்க்குள்ள போற சீன்ல நாம பாக்குறது ரெண்டே ரெண்டு புள்ளிதான், டிராக்கர் திரைல அது ஒண்ண நோக்கி ஒண்ணு நகருது, லாம்பர்ட் கத்துறா, நம்ம கை வேர்க்குது. கடைசி நொடி வரைக்கும் ஜந்த காட்டவே இல்ல, ஆனா அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும். ஏலியன்ஸ்ல எதிரி ரூமுக்குள்ளயே வந்துட்டான்னு கருவி காட்டுது, ரூம்ல யாரும் இல்ல, ஹிக்ஸ் மேல்கூரை தகட்ட தூக்கிப் பாக்குறார். இடம் தெரிஞ்சாத்தான் பயம் வரும்னு இந்த ரெண்டு சீனும் பக்காவா புரியவைக்குது.

ரெக்வியத்த எடுத்த கொலின், கிரெக் ஸ்ட்ராஸ் சகோதரர்கள் விஷுவல் எஃபெக்ட்ஸ்லேர்ந்து வந்தவங்க, சொந்தமா ஹைட்ராலக்ஸ்னு கம்பெனி வச்சிருந்தவங்க, ஜந்துகள் மேல அவங்களுக்கு இருந்த ஆசைல எனக்கு சந்தேகம் இல்ல. பிணத்தையெல்லாம் நீலத் திரவம் ஊத்திக் கரைச்சு தடயத்த அழிக்க ஒத்தையா வர்ற பிரெடேட்டர்ங்கிற யோசனை நல்ல யோசனை. ஆனா மனுஷங்க பக்கம் யாருமே இல்ல. முதல்லயே ஒரு சின்னப் பையன் நெஞ்சு வெடிச்சு சாகுறான், அப்புறம் பிரசவ வார்டுல நடக்குறத நான் இங்க எழுத விரும்பல. 1979ல கேன் நெஞ்சு வெடிக்கிறது ஏன் இன்னிக்கும் பேசப்படுதுன்னா, ஆள் பொழச்சுட்டான்னு நிம்மதியா உக்காந்து சாப்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கும்போது அது நடக்குது, அந்த டேபிள்ல இருக்குற ஒவ்வொருத்தரையும் நமக்குத் தெரியும். ரெக்வியத்துல குழந்தைங்க, கர்ப்பிணிப் பொண்ணுங்கன்னு யார கொன்னா அதிர்ச்சி அதிகமோ அவங்கள தேர்ந்தெடுத்து கொன்னிருக்காங்க, கொல்லப்படுறவங்க யாருன்னு கூட நமக்குத் தெரியாது. இருட்ட சரி பண்ணலாம், இத எந்த கிரேடிங்காலயும் சரி பண்ண முடியாது.

2004ல பால் டபிள்யூ எஸ் ஆண்டர்சன் எடுத்த முதல் மோதல் படத்த இதோட சேத்து குப்பைல போடுறது அநியாயம். பிஜி-13 ரேட்டிங்குக்காக கைய கட்டிக்கிட்டாங்க, முட்டைலேர்ந்து வந்து முகத்த கவ்வுற ஃபேஸ்ஹக்கர் பிடிச்சதுலேர்ந்து நெஞ்சு வெடிக்கிற வரைக்கும் ஆக வேண்டிய நேரத்த சில நிமிஷமா சுருக்கிட்டாங்க, இந்தக் குறையெல்லாம் உண்மை. ஆனா அண்டார்டிக் பனிக்கு அடில 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ சுவர் இடம் மாறுற பிரமிடு, அதுல யாரு எங்க மாட்டியிருக்காங்கன்னு தெளிவா புரியுது, லெக்ஸ் கேரக்டருக்கு ஒரு நிமிர்வு இருக்கு. சின்ன ஆசையோட எடுத்த சின்ன படம், சொன்னத செஞ்சிடுச்சு, அதுக்கு மேல அதப்பத்தி பேச ஒண்ணும் இல்ல.

இப்ப உங்க கோவத்துக்கு வர்றேன். மூணாவது படம் உருவான கதை ரசிகர்கள்ல பல பேருக்குத் தெரியும், இருந்தாலும் சுருக்கமா சொல்றேன், ஏன்னா திரைல தெரியுற தழும்பெல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான். வில்லியம் கிப்சன் எழுதின ஸ்க்ரிப்ட் ஒண்ணு போச்சு, டைரக்டரா இருந்த ரென்னி ஹார்லின் விலகினார், அப்புறம் வின்சென்ட் வார்டு வந்து மரத்தால ஆன கிரகம், அதுல துறவிங்கன்னு ஒரு விசித்திரமான யோசனை வச்சார், அவரும் போனார். 1991ல ரிலீஸான ஒரு டீசர்ல ஏலியன் பூமிக்கு வருதுங்கிற மாதிரி காட்டினாங்க, அப்படி ஒரு கதையே கடைசில படமாகல. எல்லாம் கலைஞ்சு போன நெலமைல, விளம்பரமும் மியூசிக் வீடியோவும் மட்டும் எடுத்திருந்த, முப்பது வயசு கூட ஆகாத டேவிட் ஃபின்ச்சர முதல் படம் பண்ணுன்னு கூட்டிட்டு வந்தாங்க. முடிஞ்ச ஸ்க்ரிப்ட் இல்லாமலே ஷூட்டிங் ஆரம்பம். கேமராமேன் ஜோர்டன் க்ரோனன்வெத் உடம்பு முடியாம விலக அலெக்ஸ் தாம்சன் வந்தார். கடைசில ஃபின்ச்சர் எடிட் முடியுறதுக்கு முன்னாடியே ஒதுங்கிட்டார், என்னை விட அந்தப் படத்த வெறுக்குறவன் யாரும் இல்லன்னு பின்னாடி பேட்டிலயே சொன்னார், இன்னிக்கு வரைக்கும் அதத் தொட மறுக்கிறார்.

தியேட்டர் வெர்ஷன பாத்தா ஒரு எடிட்டரா எனக்கு முதல்ல தெரியுறது கோலிக்ங்கிற கைதி. படத்துல ஒரு கட்டம் வரைக்கும் முக்கியமானவனா இருப்பான், அப்புறம் சத்தமில்லாம காணாமப் போயிடுவான். ஏன்னா அவன் கதை மொத்தத்தையும் உருவிட்டாங்க. அசெம்ப்ளி கட்ல கைதிங்க எல்லாம் சேந்து அந்த ஜந்த ஒரு அறைக்குள்ள அடைச்சே விடுறாங்க, ஜெயிச்சுட்டாங்க, அப்புறம் கோலிக் அத தெய்வம் மாதிரி நெனச்சுப் போய் கதவ தொறந்து விடுறான். இது இல்லாம நடுப்பகுதி முழுக்க சும்மா ஓட்டமும் சாவுமா நிக்குது. 2003 டிவிடி தொகுப்புல வந்த அந்த வெர்ஷன் தியேட்டர் வெர்ஷன விட சுமார் 30 நிமிஷம் அதிக நீளம், ஃபின்ச்சர் பங்கு இல்லாம அவரோட பழைய குறிப்புகள வச்சு சேத்தது. அதனால அத டைரக்டர்ஸ் கட்னு சொல்றது தப்பு. அவர் கைல முழு சுதந்திரம் இருந்திருந்தா படம் எப்படி வந்திருக்கும்ங்கிறதுக்கு யார்கிட்டயும் பதில் கெடையாது, இன்னும் நல்லா வந்திருக்கும்னு அடிச்சு சொல்றவங்க ஆசைல சொல்றாங்க.

அப்புறம் அந்தப் படத்தோட மோசமான கிராஃபிக்ஸ் பத்தி ஒரு விஷயம், இது உறுதியா தெரிஞ்சது, ஆனா தப்பாவே பரவிக்கிட்டு இருக்கு. ஓடுற ஏலியன் கம்ப்யூட்டர்ல செஞ்சது இல்ல. கம்பில ஆட்டின பொம்மைய தனியா ப்ளூ ஸ்க்ரீன் முன்னாடி எடுத்து ஷாட்டுக்குள்ள ஒட்டினது, ஒட்டினதுல வெளிச்சமும் நிறமும் பின்னணியோட பொருந்தல, விளிம்புல பச்சை அடிக்குது, அதனாலதான் கண்ண உறுத்துது. பொம்மையோட நடை இன்னிக்குப் பாத்தாலும் அருமையா இருக்கும், நாய் ஓடுற மாதிரி நெஜமான எடை இருக்கும். கடைசில தலை ஓடு வெடிக்கிற ஷாட் மாதிரி சில இடத்துல மட்டும்தான் கம்ப்யூட்டர்.

இனி நியூட், ஹிக்ஸ். கதைல ஓட்டை இருக்கு, மறுக்கவே முடியாது. ராணி ஏலியன் கப்பல்ல அந்த நேரத்துக்குள்ள முட்டை எங்க வச்சுது, எப்படி வச்சுதுன்னு படத்துல பதில் இல்ல. ரெண்டாவது படத்துல கதாநாயகி ரிப்லி உயிரக் குடுத்துக் காப்பாத்தின பொண்ண ஆரம்பத்துலயே தண்ணில மூழ்கடிச்சா பாக்குறவன் நொறுங்கத்தான் செய்வான், கேமரானே அந்த முடிவ பிடிக்கலன்னு வெளிப்படையா சொன்னவர். உங்க கோவம் நியாயம், அத யாரும் மாத்திக்க சொல்லத் தேவையில்ல. ஆனா அந்தக் கொலைக்கு அப்புறம் படம் என்ன பண்ணுதுன்னு கவனிங்க. ரிப்லி நியூட்டோட உடம்ப அறுத்துப் பாக்க சொல்லி பக்கத்துலயே நிக்கிறா. அப்புறம் உலை முன்னாடி ரெண்டு உடலையும் வச்சு, கைதி டில்லன் அந்த இறுதி உரைய சொல்றான், அவன் சாவுலேர்ந்து பொறக்குற புது உயிரப் பத்தி பேசப் பேச இந்தப் பக்கம் அந்த ஜந்து பொறக்குது, ரெண்டையும் மாத்தி மாத்தி வெட்டியிருக்காங்க, எலியட் கோல்டன்தால் இசை மேல எழும்புது. இந்த வரிசை மொத்தத்துலயும் நான் திரும்பத் திரும்ப போட்டுப் பாக்குற எடிட்டிங் அதுதான். மீதிப் படம் முழுக்க ரிப்லி அந்த துக்கத்த சுமந்துக்கிட்டேதான் நடக்குறா, கடைசில அவ எடுக்குற முடிவு அங்கேர்ந்துதான் வருது. செத்தவங்களுக்கு இந்தப் படம் காரியம் பண்ணுது. பிடிக்காத படமா இருக்கலாம், ஆனா உங்களுக்கு வலிச்சது படத்துக்கும் வலிச்சிருக்கு.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, இதே பாவத்த 2017ல கோவனன்ட் பண்ணுச்சு, அத ரசிகர்கள் பாதி பேர் மன்னிச்சுட்டாங்க. ப்ரோமிதியஸ்ல எலிசபெத் ஷா தன் வயித்த தானே மெஷின்ல கிழிச்சு உயிர் பொழச்சு, எங்கள படைச்சவங்க ஏன் அழிக்க நெனச்சாங்கன்னு கேக்கணும்னு அவங்க கிரகத்துக்கே கிளம்பிப் போனா. அஞ்சு வருஷம் அந்தக் கேள்வியோட காத்திருந்தோம். கோவனன்ட்ல அவ கேமராவுக்குப் பின்னாடி எப்பவோ செத்துட்டா, அறுத்துப்போட்ட அவ உடம்பு டேவிட்ங்கிற மனுஷ உருவ ரோபோவோட ஆராய்ச்சி அறைல ஒரு காட்சிப்பொருள். அவ போன பயணத்தோட சின்ன துண்டு ஒண்ண ரிலீஸுக்கு முன்னாடி இணையத்துல தனி வீடியோவா விட்டாங்க, படத்துக்குள்ள இடமில்ல. அவ கேட்ட கேள்விக்கும் பதில் இல்ல, அந்தப் படைச்சவங்களான எஞ்சினியர் கூட்டத்த டேவிட் ஒரே ஃப்ளாஷ்பேக்ல கொன்னு முடிச்சிடுறான். நியூட்டுக்கு கெடச்ச அந்த ரெண்டு நிமிஷ மரியாதை ஷாவுக்கு கெடைக்கல.

கோவனன்ட்டோட ரெண்டாவது பிரச்சினை இன்னும் பெருசு, ஆனா இது முழுக்க என் கருத்து. ஜெனோமார்ஃப உருவாக்கினதே டேவிட்தான்னு அந்தப் படம் சொல்ல வருது. கதைப்படி அது 2104, முதல் படம் நடக்குறது 2122, நடுவுல 18 வருஷம். ஆனா 1979ல அந்தக் கைவிடப்பட்ட கப்பல்ல உக்காந்திருக்குற ராட்சச பைலட்ட பாத்து டாலஸ் சொல்றது, இது கல்லாவே மாறிப்போயிருக்கு, செத்து ரொம்ப காலம் ஆச்சுன்னு. ப்ரோமிதியஸ்ல கூட சுவர் சிற்பத்துல ஏலியன் மாதிரி உருவம் இருக்கு. ரெண்டும் பொருந்தல, வேற ஏதாவது விளக்கம் குடுத்து ஒட்டப் பாக்குறவங்க இருக்காங்க, டேவிட் மறுபடி கண்டுபிடிச்சான், புதுசா படைக்கலன்னு சொல்றாங்க, அதுக்கும் இடம் இருக்குதான். எனக்கு வருத்தம் காலக்கணக்குல இல்ல. எங்கேர்ந்து வந்துச்சு, யார் பண்ணது, எத்தன காலமா காத்துக்கிட்டு இருக்குன்னு ஒண்ணுமே தெரியாததுதான் அந்த ஜந்தோட பயமே, அத ஒரு ரோபோவோட மனக்குறைக்குள்ள அடைச்சுட்டாங்க.

மூணாவது, முட்டாள் கேரக்டர்ங்க. இதுல ப்ரோமிதியஸுக்கும் பங்கு உண்டு. இடத்த மேப் போடுற கருவிகள பறக்க விட்ட ஃபைஃபீல்டே வழி தெரியாம தொலைஞ்சு போறதும், முன்பின் தெரியாத பாம்பு மாதிரி ஒண்ண மில்பர்ன் கொஞ்சப் போறதும் இன்னிக்கும் தாங்க முடியல. முதல் படத்துலயும் கேன் முட்டைக்குள்ள எட்டிப் பாத்தான், அது மட்டும் சரியான்னு சிலர் கேப்பாங்க. கேனுக்கு அது என்னன்னு எதுவும் தெரியாது, ஹெல்மெட் போட்டிருந்தான். அவன உள்ள கொண்டு வரும்போது ரிப்லி க்வாரன்டைன் விதிய சொல்லி கதவ தொறக்க மாட்டேன்னு நிக்கிறா, டாலஸ் கத்துறான், ஆஷ் தொறக்குறான், அவன் ஏன் தொறந்தான்னு பின்னாடி தெரியும்போது மொத்தக் கதையும் திரும்புது. விதி மீறப்படுது, ஆனா மீறினதுக்கு ஒரு காரணம் இருக்கு. கோவனன்ட்ல கேப்டன் ஓரம் தன் ஆளக் கொன்ன ஜந்தோட டேவிட் நின்னு பேசிக்கிட்டு இருக்குறத கண்ணால பாத்துட்டு, அவன் மேல துப்பாக்கி நீட்டினதுக்கு அப்புறமும், அவன் சொன்னான்னு முட்டைக்குள்ள முகத்த நீட்டுறான். ஒரு புது கிரகத்துல ஹெல்மெட் இல்லாம இறங்குறதுலேர்ந்து அங்க வரைக்கும் யாரும் எதையும் யோசிக்கிறதே இல்ல. படமாக்கின விதம்னு பாத்தா கோவனன்ட் மேல எனக்கு மரியாதை நெறைய, டேரியஸ் வோல்ஸ்கி கேமரா அற்புதம், மருத்துவ அறைல ரத்தத்துல வழுக்கி விழுற சீன் நெஜமாவே பதற வைக்குது, ஃபாஸ்பெண்டர் ரெண்டு ரோல்லயும் பிரமாதம். இவ்வளவு திறமை கைல இருந்தும் இப்படி ஆச்சுங்கிறதுதான் என் லிஸ்ட்ல அத கடைசிக்கு முந்தின இடத்துல வைக்குது. உங்க நண்பர் கோவனன்ட்னு சொன்னா நான் அவர் பக்கம் பாதி சாய்வேன்.

ரிசரக்‌ஷன சொல்ற நண்பருக்கு: டைரக்டர் ஜான் பியர் ஷூனேவோட கிறுக்குத்தனமும் ஸ்க்ரிப்ட் எழுதின ஜாஸ் வீடனோட கேலி வசனமும் ஒண்ணோட ஒண்ணு சேரல. வீடனே தான் எழுதினத எடுத்த விதம் தப்புன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்கார். ஜெனரல் பெரெஸ் சாகும்போது தன் மண்டைக்குப் பின்னாடி கைய விட்டு மூளைத் துண்ட எடுத்துப் பாக்குறார், அது சிரிக்கவா பயப்படவான்னு படத்துக்கே தெரியல. கடைசில வர்ற நியூபார்ன் உருவம் பல பேருக்கு அருவருப்பு, சரிதான். ஆனா தோத்துப்போன 1லேர்ந்து 7 வரைக்கும் உள்ள குளோன்கள ரிப்லி பாக்குற அந்த அறை இருக்கே, தன்னோட முகம் உள்ள ஒரு உடம்பு படுத்துக்கிட்டு கொன்னுடுன்னு கெஞ்சுறது, சிகோர்னி வீவர் அந்த இடத்துல பண்ணது, அது ஒண்ணுக்காகவே இந்தப் படத்த அடிமட்டத்துல வைக்க எனக்கு மனசு வராது. தண்ணிக்கடியில துரத்துற சீனும் தெளிவா, யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு கச்சிதமா எடுத்தது.

2024 ரோமுலஸ் இந்த சண்டைக்குள்ளயே வராது. முதல் படத்துல ஆஷா நடிச்சு 2020ல காலமான இயன் ஹோமோட முகத்த அவர் குடும்பத்தோட சம்மதத்தோட மறுபடி கொண்டு வந்தது எனக்கு உறுத்தல், தியேட்டர் வெர்ஷன்ல வாய் அசைவும் பொருந்தல, வீட்டுக்கு வந்த வெர்ஷன்ல அத கொஞ்சம் சரி பண்ணாங்க. ஏலியன்ஸ் படத்தோட பேர்போன வசனத்த ஆண்டிங்கிற ரோபோ வாயில திரும்ப வச்சது தேவையே இல்லாதது. ஆனா ஃபெடே ஆல்வரஸுக்கு இடத்த காட்டத் தெரிஞ்சிருக்கு, புவியீர்ப்பு இல்லாத நேரத்துல அமிலம் மிதக்குற சீன்ல ஒவ்வொரு துளியும் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும்.

ஆக என் வரிசை இப்படி. ரெக்வியம் கடைசி, இதுல எனக்கு தயக்கம் இல்ல. அதுக்கு மேல கோவனன்ட், இதுல வாதாட இடம் இருக்கு. அதுக்கப்புறம் ரிசரக்‌ஷனும் முதல் மோதல் படமும் எந்த வரிசைல வந்தாலும் எனக்கு ஒண்ணுதான். மூணாவது படம் இந்தப் பக்கமே வராது.

அசெம்ப்ளி கட்ட பாருங்க, ஆனா 2010 ப்ளூரேல வந்த வெர்ஷனா தேடிப் பாருங்க. 2003ல சேத்த சீன்கள்ல சில இடத்துல வசனம் சரியா கேக்காது, அதனால சப்டைட்டில் போட்டு ஓட்டினாங்க, 2010ல நடிகர்கள கூப்பிட்டு மறுபடி டப்பிங் பண்ணிட்டாங்க. நாய்க்குப் பதிலா காளை மாட்டுலேர்ந்து ஏலியன் வரும், முடிவுல ரிப்லி உலைக்குள்ள விழும்போது நெஞ்சுலேர்ந்து ராணி வெடிச்சு வெளிய வர்ற ஷாட் இதுல இருக்காது, வெறும் ரிப்லி மட்டும்தான், எனக்கு அதுதான் பிடிச்ச முடிவு. நியூட் இதுலயும் சாகத்தான் போறா, அதுல எந்த வெர்ஷனும் உங்களுக்கு உதவாது, ஆனா கோலிக் கதை உள்ள வந்ததும் கைதிங்க தனித்தனி மனுஷங்களா தெரிய ஆரம்பிப்பாங்க.

ரெக்வியம் பாக்கணுமான்னா, வேணாம். பாக்காம விட்டா கதைல எதுவும் விட்டுப்போகாது, ஏன்னா 2012லேர்ந்து வந்த ஏலியன் படங்கள் அந்த ரெண்டு மோதல் படத்தையும் கணக்குல எடுத்துக்கல. அங்க கம்பெனி முதலாளி லான்ஸ் ஹென்ரிக்சன் நடிச்ச சார்லஸ் பிஷப் வேலாண்ட், ப்ரோமிதியஸ்ல அந்தப் பேரே இல்லாம பீட்டர் வேலாண்ட் வந்துட்டார். எல்லாத்தையும் பாத்தே தீரணும்னா ராத்திரி லைட் எல்லாம் அணைச்சுட்டு, டிவில விவிட் மோட விட்டு சினிமா மோடுக்கு மாத்தி, டைனமிக் கான்ட்ராஸ்ட ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, அந்த செட்டிங் ஆன்ல இருந்தா இருக்குற நிழலையும் அது இன்னும் கருப்பாக்கிடும்.